தை பிறந்தால் தண்ணீர் தெளியும்

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை நாலே முக்காலுக்கு முட்டுக்காட்டு டீக்கடையில் நிற்பேன். ஐந்தாறு வருஷமாக இதுதான் வழக்கம். கடைக்காரர் மங்கி குல்லாவும் அதற்கு மேல் மஃப்ளரும் சுற்றியிருப்பார். போனில் பார்த்தால் 21 டிகிரி என்று காட்டும். சென்னைக்காரர்களுக்கு அது போதும், பல் கிட்டிக்கொள்ளும். அங்கிருந்து மணலில் இறங்கி நடந்து, முகத்துவாரத்தில் காலை வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். வருஷத்திலேயே நம் கடல் குளிர்ந்து கிடக்கும் மாதம் இதுதான். அப்படியும் 26 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை.

அதனால் குளிர்காலத் தூண்டில் என்றால் நம் பக்கம் குளிரைப் பற்றிய பேச்சே இல்லை. மழை எப்போது விட்டது, வாடை எப்போது அடங்கியது, தண்ணீர் எப்போது தெளிந்தது என்பதுதான் கணக்கு. தெளிந்த தண்ணீருக்குச் சன்ன நரம்புதான் சரி, தூண்டில் கயிற்றைத்தான் நரம்பு என்கிறேன்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. பள்ளிக்கரணை சதுப்பில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டை ஒட்டிய கோவளத்துக் கழிமுகத்தில் கடலில் விழுகிறது. அதாவது, பழைய மகாபலிபுரம் சாலையில் என் ஆபீஸ் வாசலில் முழங்கால் அளவு நின்று என் ஸ்கூட்டரை நாசமாக்கிய அதே தண்ணீர்தான் சில நாள் கழித்து என் தூண்டிலுக்கு முன்னால் பழுப்பாக ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கடலுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்த மாதம் முழுக்கத் தூண்டில் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மணல்திட்டும் சும்மா இருப்பதில்லை. கோடையில் அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். மழை வெள்ளம் வந்து உடைத்துத் திறக்கும். திறந்த வாய் போன வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒவ்வொரு தையிலும் முதல் வேலை, தூண்டிலைத் தொடாமல் ஒரு மணி நேரம் நடந்து, எங்கே ஆழம், எங்கே திட்டு, ஓட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதுதான். இதைச் செய்யாமல் ஒரு வருஷம் நேராகப் போய்ப் பழைய இடத்தில் வீசினேன். இரண்டரை மணி நேரம் கணுக்கால் ஆழத் தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே ஒரு பெரியவர் வருவார். பக்கத்துக் குப்பத்துக்காரர், கடலுக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ராடு, ரீல் எதுவும் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு, ஓர் ஈயக்குண்டு, ஒரு முள், பொட்டலத்தில் இறால். என்னை அவர் முதலில் பார்த்தபோது என் கையில் பத்தடி ராடும், தேங்காய் அளவுக்கு ஒரு ரீலும், 50 பவுண்டு நரம்பும் இருந்தன. கொடுவாய் மீனுக்கு இது இல்லாமல் முடியாது என்று கடையில் சொல்லி விற்றிருந்தார்கள். பெரியவர் மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, கப்பலு ஏதாச்சும் கட்டி இழுக்கப் போறியா?”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் காலையில் அவர் பாட்டில் நரம்பில் மூன்று கொடுவாய் ஏறியது. எனக்கு ஒன்றும் இல்லை. மறுவாரம் வெட்கத்தை விட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. “வன்னி அடிக்குதுபா, கலக்கலாத்தான் இருக்கும்” என்பார். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி. தெற்கிலிருந்து வடக்கே போவது தெண்டி. வடகிழக்குப் பருவம் முழுக்க நம் கரையோரம் ஓட்டம் தெற்கு நோக்கித்தான் இருக்கும், பிப்ரவரி வாக்கில் திரும்பி வடக்கே ஓட ஆரம்பிக்கும் என்று கடலியல் புத்தகமும் சொல்கிறது. புத்தகம் மாதக் கணக்கில் சொல்வதை இவர் அன்றாடக் கணக்கில் வைத்திருந்தார். கரையில் நின்று மிதக்கும் சருகு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார். பெட்ரோல் செலவை நினைத்து நான் போகமாட்டேன். போயிருக்கலாம் என்று பத்து மணிக்குத் தோன்றும்.

சரி, முதலில் சொன்ன சன்ன நரம்புக்கு வருகிறேன்.

மழைக் கலக்கலில் மீனுக்கு நம் நரம்பு கண்ணில் படாது. மோப்பத்தையும் அதிர்வையும் வைத்து இரையைத் தேடும். தையில் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். முழங்கால் ஆழத்தில் நம் கால்விரல் தெரியும். அந்த நேரம் கழியில் இருக்கும் இரையும் பொடிசு: விரல் நீள மடவைக் குஞ்சு, சின்ன இறால், நெத்திலி. இதற்கு நடுவே 50 பவுண்டு நரம்பில் உள்ளங்கை நீளப் பிளாஸ்டிக் மீனைக் கட்டி இழுத்தால், கொடுவாய் பின்னாலேயே கரை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அது திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். அவமானமாக இருக்கும்.

இரை சிறிதானால் எடை குறையும். ஏழு கிராம் சாமானைப் பத்தடி ராடு வீசாது. அதற்குத் தன் முனையில் ஏதோ தொங்குவதே தெரியாது. வளையும் ராடு வேண்டும், வளையும் ராடுக்குச் சின்ன ரீல், சின்ன ரீலுக்குச் சன்ன நரம்பு. இப்படி ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். இப்போது என்னிடம் இருப்பது ஏழடி ராடு, 2500 அளவு ரீல், பி.இ. 0.8 பின்னல் நரம்பு. அதன் தடிமன் 0.15 மில்லிமீட்டர், தையல் நூலோடு வைத்துப் பார்த்தாலும் சன்னம். ஆறேழு கிலோ இழுவை தாங்கும். அதன் முனையில் ஒன்றரை முழத்துக்கு 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் முனைத் துண்டு. கொடுவாயின் வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. லீடர் இல்லாமல் நேராகக் கட்டினால் முதல் தலையாட்டலிலேயே அறுந்துவிடும்.

பின்னலையும் லீடரையும் சேர்க்கும் எஃப்ஜி முடிச்சுதான் இந்த விளையாட்டின் கழுத்து. வழுவழு லீடரின் மேல் பின்னலை மாற்றி மாற்றி இருபது சுற்று பின்னி இறுக்க வேண்டும். இறுகும்போது பின்னலின் நிறம் சட்டென்று அடர்ந்து மாறும். அது மாறாவிட்டால் பிரித்து மறுபடியும் கட்டு. யூடியூப் பார்த்து இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழகினேன். காற்றில், இருட்டில், ஈரக் கையோடு அது மேஜையில் வந்த மாதிரி வராது. இப்போதெல்லாம் வீட்டிலேயே மூன்று லீடர் கட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.

டிராக் கணக்கும் உண்டு, அதாவது ரீலின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பது. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு ரீல் நழுவிக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசு வீட்டில் இருக்கிறது. அதில் நரம்பைக் கட்டி இழுத்து, ஒன்றரைக் கிலோவில் ரீல் கொடுக்கிற மாதிரி திருகி வைக்கிறேன். கையால் இழுத்துப் பார்த்து ‘இது போதும்’ என்று வைத்ததை ஒருமுறை தராசில் போட்டேன், மூன்றரைக் கிலோ காட்டியது. போன மீனெல்லாம் ஏன் போனது என்று அப்போது புரிந்தது.

“தண்ணி வத்துறப்ப வா தம்பி” என்று பெரியவர் சொன்னதைத்தான் நான் வேதமாக வைத்திருக்கிறேன். சென்னைப் பக்கம் ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு, அமாவாசை பௌர்ணமிக்கும் ஒரு மீட்டர் சுமார்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரும் குறுகலான வாய் வழியாக வெளியே போக வேண்டுமே! இறக்கத்தில் கழி முழுக்க இருந்த பொடி மீனும் இறாலும் ஓட்டத்தோடு வழுக்கி வரும். திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில் கொடுவாய் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். ஓடித் திரிய வேண்டியதில்லை, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி. கடலில் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது என்று அட்டவணை சொல்லும் நேரத்திலும் கழித் தண்ணீர் அரை மணி நேரமாவது வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நிறைய முறை பலித்திருக்கிறது. தண்ணீரில் இறங்கி நிற்க மட்டும் கூடாது. இறக்கத்தின்போது அந்த வாய் ஆளை இழுக்கும், நீச்சல் தெரிந்தவனையும் இழுக்கும்.

அப்படி ஒரு நாள். கிழக்கு வெளுத்து, இன்னும் நிறம் வராத நேரம். ஆலாப் பறவைகள் நாலைந்து முகத்துவாரத்துக்கு மேலே தயங்கித் தயங்கி விழுந்துகொண்டிருந்தன. மூன்று அங்குல வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஓட்டத்துக்குக் குறுக்கே மேலே வீசி, நரம்பைச் சுற்றாமல் விறைப்பாக மட்டும் வைத்து, தண்ணீரே அடித்துக்கொண்டு போகும்படி விட்டேன். ஜிக் தலை, அதாவது முள்ளோடு சேர்ந்த ஈயம், மணலைத் தொடுவது விரலில் தெரியும்: டிக், கொஞ்சம் இடைவெளி, டிக். ஒருமுறை டிக் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கடிபட்ட மாதிரியே இல்லை, கனம் காணாமல் போனது, அவ்வளவுதான். கொடுவாய் கடிக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். தூக்கினேன். ‘தொம்’ என்று ராடு மடங்கியது.

முதலில் ஒன்றும் நடக்காது. அது தலையை மட்டும் ஆட்டும், இடது வலது, இடது வலது, என்ன மாட்டியது என்று யோசிக்கிற மாதிரி. பிறகு ரீல் கத்தும். தடித்த நரம்பு போட்டிருந்தால் இந்த இடத்தில் நாம் இழுப்போம், அது இழுக்கும், பலம் உள்ளவன் ஜெயிப்பான். இங்கே செய்ய ஒன்றுமில்லை. ராடை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மணலில் ஓட வேண்டும். ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. நாற்பது மீட்டர் தள்ளி மீன் எழும்பியது: வாயைத் திறந்து, செவுளை விரித்து, முழு உடம்பையும் உதறி. அந்த நேரம் ராடைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். தெரியும், படித்திருக்கிறேன், வீடியோ பார்த்திருக்கிறேன். ஆனால் கை தானாகப் பின்னால் இழுத்தது. பிளாஸ்டிக் மட்டும் காற்றில் பறந்து வந்து என் பக்கத்தில் விழுந்தது.

பெரியவர் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “அது குதிச்சா நீ குனியணும் தம்பி.”

கொடுவாயைப் பற்றி இன்னொரு சங்கதி, தெரிந்த நாளிலிருந்து என்னை உறுத்துகிறது. பிறந்து சில வருஷம் ஆணாக இருக்கும் இந்த மீன் வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. ஏறக்குறைய 80 சென்டிமீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் பெண்கள்தான். சமையலுக்குத் தோதான ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ மீன்கள் எல்லாம் ஆண்கள். அவை வளர்ந்தால்தான் நாளைக்குப் பெண். பெரியதை எடுத்தால் முட்டையெல்லாம் அதோடு போச்சு. சின்னதையும் விடு, பெரியதையும் விடு என்றால் எதைத்தான் தின்பது? நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது: ஒரு நாளைக்கு ஒன்று, நடுத்தரம் மட்டும். இதே முட்டுக்காட்டில்தான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவாயைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் வித்தையை அந்த நிறுவனம் 1997-இல் சாதித்தது. ஓட்டலில் தட்டு நிறைய வருவதில் பண்ணைக் கொடுவாயும் நிறைய. அதில் எனக்குச் சந்தோஷம்தான், கழியில் இருப்பதை விட்டுவைப்பார்கள்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு, ஸ்னூக் என்று பெயர். ஃபுளோரிடாவில் நம் கொடுவாய் மாதிரியே பாலத்தடியிலும் அலையாத்தி வேரடியிலும் நிற்கும், இதே மாதிரி ஆண் பெண்ணாகும். அங்கே குளிர்காலம் என்றால் உண்மையான குளிர். தண்ணீர் 10, 12 டிகிரிக்கு இறங்கினால் ஸ்னூக் பிழைப்பது கஷ்டம். 2010 ஜனவரியில் வந்த குளிர் அலையில் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அங்குள்ள தூண்டில்காரர்கள் குளிர்காலத்தில் மீனைத் தேடி உள்ளோடைகளுக்கும் மின்நிலையத்தின் வெந்நீர் வாய்க்கால்களுக்கும் போகிறார்கள். நம் கொடுவாய்க்கு அந்தத் துன்பம் இல்லை. வேறு துன்பங்கள் கால்வாய் வழியாக வருகின்றன.

கொடுவாய் ஏமாற்றும் நாட்களில் கடல் பக்கம் திரும்பிக் கிழங்கான் மீனுக்குப் போட்டுவிடுவேன். தைக் கடைசியில் அலை தணிந்து, கரைக்கும் முதல் அலை உடையும் இடத்துக்கும் நடுவே சின்னப் பள்ளம் ஓடும். கிழங்கான் அங்கேதான் மணலைக் கிண்டும். பத்து கிராம் ஈயம், சின்ன முள், நகத்தளவு இறால் துண்டு. தூர வீசவே வேண்டாம், தூர வீசுகிறவன்தான் வெறுங்கையோடு போவான். கடி ‘டடடட்’ என்று மின்சாரம் மாதிரி வரும். நூறு கிராம் மீன், ஆனால் அந்த ராடில் அது தன்னை ஒரு கிலோவாக நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சதை, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தால் சோறு தானாக இறங்கும். கொடுவாயைப் போட்டோ எடுக்கலாம், கிழங்கானைச் சாப்பிடலாம் என்பது என் கட்சி.

கெளுத்தியும் வரும். கிழங்கானுக்குப் போட்ட முள்ளில் ஒருநாள் ஒரு சாண் கெளுத்தி. கழற்றும்போது துள்ளியது, நெஞ்சு முள் என் கட்டைவிரல் அடியில் ஏறியது. அந்த முள் ரம்பம் மாதிரி, நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், மேல்தோலில் விஷம் வேறு. இரண்டு நிமிஷத்தில் வலி முழங்கைக்கு வந்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. பெரியவர் என் முழங்கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, பழகிய விவகாரம் போல. பாய்லரிலிருந்து ஒரு சொம்பு பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, தன் விரலை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு, “இதுல வையி” என்றார். அந்த விஷம் புரதம். பொறுக்கக்கூடிய சூட்டில் வைத்திருந்தால் சிதையும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கை சொம்பில் இருக்கும் வரை வலி இல்லை, எடுத்தால் வருகிறது என்பதுதான். முக்கால் மணி நேரம், மூன்று சொம்பு. காசு கொடுத்தேன், டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். இப்போது பையில் இடுக்கி இருக்கிறது, ஃபிளாஸ்க்கில் வெந்நீரும்.

பொங்கல் லீவு நீண்டால் ராமநாதபுரத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போவேன். மண்டபத்தில் தூண்டில்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஒரு கீற்று நிலம், இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். வாடை அடிக்கும்போது வடகடல் புரண்டு பழுப்பாகக் கிடக்கும். ரோட்டைத் தாண்டித் தெற்கே போனால் குளம் மாதிரி தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு. சன்ன நரம்புக்காரனுக்குக் காற்றுதான் முதல் எதிரி, பத்து கிராம் ஜிக்கை வாடை திருப்பி நம் மூஞ்சிக்கே அனுப்பும். அதனால் தையில் தென்கடல்தான். அதற்காகத் தீவுப் பக்கம் போகக்கூடாது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. கரையில் நின்றே ஊளியும் சின்னப் பாறை மீன்களும் கிடைக்கும். சென்னையில் நான் சீலா என்று சொல்லும் மீன்தான் அங்கே ஊளி. முதல் தடவை நான் “சீலா மாட்டுமா?” என்று கேட்டதும் சித்தப்பா, “கரையில நின்னா? மாவுலாசியா?” என்று என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். அங்கே சீலா என்றாலும் மாவுலாசி என்றாலும் வஞ்சிரம். இந்தக் குழப்பம் தீரவே அரை நாள் ஆனது.

இந்த வருஷம் தை அமாவாசைக்கு மறுநாள் மறுபடியும் முட்டுக்காடு. பெரியவர் வரவில்லை, கண் ஆபரேஷன் என்றார் டீக்கடைக்காரர். சருகைப் பார்த்தேன்: தெற்கே போகலாமா வடக்கே போகலாமா என்று அதற்கே தெரியவில்லை, அசையாமல் கிடந்தது. தண்ணீர் தெளிவு. இறக்கம் முடியும் தறுவாயில் விளிம்பில் டிக் வராமல் போனது. இந்த முறை அது எழும்பியபோது நான் நிஜமாகவே குனிந்தேன், இடுப்போடு. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கும்பிடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். இருபது நிமிஷம் கழித்து ஆழம் குறைந்த இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் கண் தணலாகச் சிவந்தது. ராடில் ஒட்டியிருந்த அளவு நாடாவை வைத்தேன்: 84. வாயோரத்திலிருந்து முள்ளை இடுக்கியால் எடுத்து, வாலைப் பிடித்துத் தலையை ஓட்டத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் பையில் இருந்தது, பை முப்பது அடி தள்ளி மணலில். செவுள் நாலைந்து தடவை ஆழமாகத் திறந்து மூடியது. பிறகு என் கையை உதறித் தள்ளிவிட்டு, முகத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் அடித்துவிட்டுப் போனது.

விடிந்த பிறகு கிழங்கான் ஏழு கிடைத்தது. வீட்டில் அம்மா பையைத் தரையில் கவிழ்த்து எண்ணினார்.

“கொடுவா ஒண்ணும் மாட்டலையா?”

“மாட்டுச்சும்மா. இவ்ளோ பெருசு. நான்தான் விட்டுட்டேன்.”

அம்மா அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ விட்டியா, அதுவா போச்சா?”